கட்டைவிரலுக்கு ஒரு சுருள்

அந்த ஞாயிற்றுக்கிழமை ஃபேனை நிறுத்தியது யார் என்பதில் இன்றுவரை தெளிவு இல்லை.

தானே எழுந்துபோய் நிறுத்தியதாக மேகலா சொல்கிறாள். வாயைத் திறக்கவே இல்லையாம். "அக்கா வாயத் தொறந்து சொன்னாங்க, நான்தான் எழுந்து நிறுத்துனேன்" என்று பானுப்ரியா சத்தியம் செய்கிறாள். மாமியார் பாப்பாத்தியைக் கேட்டால், "கரண்டு போச்சுடி" என்பதோடு சரி. அது கல்லங்குறிச்சித் தேருக்கு முந்தின ஞாயிறா, பிந்தினதா என்பதும் இப்போது குழப்பமாகத்தான் இருக்கிறது. இத்தனை வாரமாக இந்தக் குடும்பத்தின் கதையைச் சொல்லிவரும் நமக்கே நினைவு தடுமாறுகிறது.

ஆனாலும் பானுப்ரியா சொல்வதுதான் சரியாக இருக்கவேண்டும். பிறகு நடந்ததெல்லாம் மேகலா பேசியதால் நடந்தது.

அரியலூரில், கல்லங்குறிச்சி சாலை வீட்டில், மூத்த மருமகள் மேகலாவும் இளைய மருமகள் பானுப்ரியாவும் நேருக்கு நேர் பேசி அன்றோடு எழுபது நாளுக்கு மேல் ஆகியிருந்தது. தை மாதம் உடையார்பாளையத்தில் ஒரு காதுகுத்து. மேகலாவின் பிறந்த ஊர். பானுப்ரியா கூடியிருந்த பெண்களுக்கெல்லாம் நகப்பூச்சு போட்டுக்கொண்டிருந்தாள். மேகலாவின் முறை வந்தது. அவள் எப்போதும் உள்ளங்கைக்குள் மடக்கி வைத்திருக்கும் வலது கட்டைவிரலைப் பானுப்ரியா பிடித்து நிமிர்த்தினாள்.

"ஐயோ, என்னக்கா இது, நகமா முந்திரிக்கொட்டையா?"

சிரிப்பு மூட்டத்தான் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். பத்து வயதில் அம்மாவோடு உட்கார்ந்து முந்திரி உடைத்தபோது சுத்தியல் தவறி விழுந்த விரல் அது. நகம் பிறகு தடித்து, வளைந்து, வரிவரியாகவே வளர்ந்தது. சிரித்தவர்களில் பாதிப் பேருக்கு அந்தக் கதை தெரியும்.

மேகலா அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். சண்டை போடவில்லை, அழவில்லை. பானுப்ரியா மூன்று முறை மன்னிப்புக் கேட்டாள். தினமும் காலையில் பக்கத்தில் காபியை வைத்துவிட்டுப் போனாள். மேகலா காபியைக் குடித்தாள். பேசவில்லை. நாளாக ஆக, எந்த வார்த்தையில் தொடங்குவது என்பதே அவளுக்குத் தெரியாமல் போய்விட்டது.

நடுவில் அகப்பட்டவள் பாப்பாத்தி.

"அத்தை, ரசம் பொங்குதுன்னு அக்காகிட்டச் சொல்லுங்க."

"ஏன்டி, அவ ஒன் பக்கத்துலதான நிக்கிறா? நான் என்ன ரேடியோப் பொட்டியா?"

இதற்கிடையில் பானுப்ரியாவின் கணவன் ராஜாவுக்குப் பட்டணத்தை ஒட்டிய ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. போன வாரம் பரணிலிருந்து பெரிய பையை இறக்கிக் கூடத்தில் வைத்தான். பானுப்ரியாவுக்கு ஊரைவிட்டுப் போக மனமில்லை. பெரம்பலூரில் ஆயிஷா பீவி நடத்தும் பியூட்டி பார்லரில் நகம் அலங்கரிக்க ஆள் தேடுகிறார்கள். ஞாயிறு மூன்று மணிக்கு ஒரு பெண்ணை அழைத்துவந்து, அவள் கையில் செய்து காட்டவேண்டும். அங்கே எடுத்துக்கொண்டால் இங்கேயே இருந்துவிடலாம். இல்லையென்றால் திங்கட்கிழமை காலை புருஷனும் பெண்டாட்டியுமாகக் கிளம்பவேண்டியது. இதுதான் ராஜா வைத்த கெடு.

மேகலாவுக்கும் அந்தக் கெடு தெரியும். கூடத்தில் அந்தப் பையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அவள் நடை ஒரு கணம் தயங்கியது. ஏன் என்று அவள் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

காலை ஒன்பது மணிக்கே வெயில் ஏறிவிட்டது. சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பும் வெள்ளைப் புழுதி வராமலிருக்க ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். ஃபேன் ஐந்தில் சுற்றியது. கூடத்து மேசையில் பானுப்ரியா கடையை விரித்திருந்தாள். முந்தின நாள் கூரியரில் வந்த புது ஸ்டாம்பிங் பிளேட். உள்ளங்கை அகல எஃகுத் தகடு. அதில் பூ, கொடி, மயிலிறகு, மாங்காய் என்று நகம் அளவுக்குச் சின்னச் சின்ன வடிவங்கள் பள்ளமாகச் செதுக்கப்பட்டிருந்தன.

மேகலா ஜன்னலோர நாற்காலியில் வாரப்பத்திரிகையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படிப்பதாகத்தான் பேர்.

பானுப்ரியா தகட்டின் மேல் கறுப்புப் பூச்சை ஒரு கோடு விட்டாள். ராஜாவின் காலாவதியான ஏடிஎம் கார்டால் ஒரே இழுப்பாக வழித்தாள். பள்ளத்தில் மட்டும் பூச்சு தங்கவேண்டும். பிறகு, ஜெல்லி மாதிரி நெளிகிற ஸ்டாம்பரால் அதை ஒற்றி எடுத்து, எடுத்த வேகத்தில் நகத்தின் மேல் வைக்கவேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் ஸ்டாம்பரில் ஒன்றுமே வரவில்லை.

மறுபடி பூசினாள், வழித்தாள், ஒற்றினாள். ஒன்றும் இல்லை.

நான்காவது முறைக்குப் பிறகு தகட்டைத் தூக்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். ஓரத்தில் நகத்தை விட்டு நெம்பினாள். மெல்லிய நீல ஃபிலிம் ஒன்று முழுசாக உரிந்து வந்தது.

"அட லூசு! மேல்தோலை உரிக்காமலே பழத்தத் தின்னுட்டு இருந்திருக்கேன்!"

தன்னையே திட்டிக்கொண்டு உரக்கச் சிரித்தாள். இதுவரை அவள் பழகியது தோழி கொடுத்த பழைய தகட்டில். அதில் இந்த ஃபிலிம் இருந்ததில்லை. மேகலா பத்திரிகையை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டாள். சிரிப்பு வந்துவிடும்போல் இருந்தது.

"வூடு பூரா பெயிண்டு டப்பா நாத்தம்" என்று அடுப்படியிலிருந்து பாப்பாத்தி குரல் கொடுத்தாள். "ஏன்டி, அந்தப் பொண்ணுங்க இத வெச்சிக்கிட்டு எப்புடி சோறு பெசஞ்சு திங்கும்?"

"ஸ்பூன்ல சாப்புடும் அத்தை!"

"ம்க்கும். வெளங்கிரும்."

ஃபிலிமை உரித்த பிறகும் வடிவம் அரைகுறையாகவே வந்தது. மயிலிறகு வந்தால் கண் இல்லை. கொடி வந்தால் இலை இல்லை. ஒவ்வொரு தடவையும் பானுப்ரியா அதை ஒரு நோட்டில் ஒற்றி, கீழே என்ன தவறு என்று எழுதிவைத்தாள். துடைத்தாள், மறுபடி தொடங்கினாள். ஏழு, எட்டு, ஒன்பது.

மேகலா எண்ணிக்கொண்டிருந்தாள். பத்திரிகையில் அதே பக்கம்தான் திறந்திருந்தது.

இந்தப் பெண் எதையும் பாதியில் விட்டுவிடுவாள் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். வாய்தான் பெரிது என்று நினைத்திருந்தாள். இப்போது பார்த்தால் அந்த விரல்களில் வாய்க்கு எட்டாத ஒரு பொறுமை இருந்தது. அழுத்தினால் படம் நசுங்குகிறது என்று யாரும் சொல்லாமலே கண்டுபிடித்துக்கொண்டாள். குத்தாமல், ஒரு ஓரத்தில் தொடங்கி உருட்டி எடுக்க ஆரம்பித்தாள். மேகலா வேலை பார்க்கும் தபால் ஆபீசில் புதிதாக வருகிறவர்கள் முத்திரையை ஓங்கிக் குத்தாமல் வைக்கக் கற்றுக்கொள்ள ஒரு மாதம் ஆகும். இவளுக்கு ஒரு காலைப்பொழுது போதுமாக இருந்தது.

இத்தனைக்குப் பிறகும் படம் முழுசாக வரவில்லை. பானுப்ரியா ஸ்டாம்பரைக் கீழே வைத்தாள். நெற்றியை மேசை விளிம்பில் சாய்த்துக்கொண்டாள். தோள் லேசாகக் குலுங்கியது.

தபால் ஆபீசில் முத்திரை மேசைக்கு மேலே ஒரு ஃபேன் உண்டு. எந்த வெயிலிலும் யாரும் அதைப் போடுவதில்லை. போட்டால் மைப்பட்டை காய்ந்துவிடும். தை, மாசிக் குளிரில் ஃபேன் போடாமலே பழகிய பானுப்ரியாவுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை.

மேகலா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"ஃபேனை நிறுத்து."

பானுப்ரியா நிமிர்ந்தாள். பேசியது யார் என்று தேடுகிறவள்போல் முதலில் அடுப்படிப் பக்கம் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம். மேகலா அதற்குள் பத்திரிகைக்குள் போய்விட்டிருந்தாள்.

ஃபேன் நின்றது. வீடு திடீரென்று அமைதியானது. ஒரு கோடு பூச்சு, ஒரு இழுப்பு, ஒரு உருட்டல். மயிலிறகு கண்ணோடும் காம்போடும் ஸ்டாம்பரில் ஏறி உட்கார்ந்தது. பானுப்ரியா தன் இடதுகை மோதிரவிரலில் அதை வைத்துவிட்டு மூச்சை விட்டாள்.

"அத்தை" என்றாள். "அக்கா பேசிட்டாங்க அத்தை."

"கரண்டு போச்சாடி? வேக்காடு தாங்கல" என்றாள் பாப்பாத்தி.

பதினொன்றரை மணிக்குத் தேவயானி போன் செய்தாள். தெருக்கோடி வீட்டுப் பெண். பார்லருக்குக் கையைக் காட்ட வருவதாக ஒப்புக்கொண்டவள்.

"மாப்பிள்ள வூட்டுக்காரங்க சாயங்காலம் வராங்களாம்டி. அம்மா வெளிய அனுப்ப மாட்டேங்குது. கோச்சுக்காத."

பானுப்ரியா வாசலுக்குப் போய் நின்று இன்னும் நாலு பேருக்குப் பேசினாள். ஒருத்தி கல்யாணத்துக்குப் போயிருந்தாள், ஒருத்தி போனை எடுக்கவில்லை. ராஜா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தான்.

"என்ன, ஆளு கெடைக்கலியா?"

"பாத்துக்கிட்டு இருக்கேன்."

"விடு பானு. நாளைக்குக் காலைல எப்புடியும் கெளம்பத்தான போறோம். துணியெல்லாம் எடுத்து வையி."

கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அவன் முகத்தில் ஒரு பெரிய ஊரின் கனவு இருந்தது.

மேகலா எழுந்தாள். தண்ணீர் குடிக்கப் போகிறவள்போல் மேசையைக் கடந்தாள். நோட்டு திறந்து கிடந்தது. அன்றைய ஒற்றல்கள்: 'மேல்தோல் உரிக்கல', 'அழுத்தம் ஜாஸ்தி', 'காஞ்சுடுது, ஏன்?' கடைசியில் மட்டும் வேறு மாதிரி இருந்தது: 'ஃபேன்! அக்கா சொன்னாங்க.' அடியில் இரண்டு கோடு.

அவள் பக்கங்களைப் பின்னால் புரட்டினாள். முதல் பக்கத்தில் தை மாதத் தேதி. காதுகுத்துக்கு மறுநாள்.

அந்தப் பக்கத்தில் எந்த ஒற்றலும் இல்லை. பென்சிலால் ஒரு கட்டைவிரல் வரைந்திருந்தது. தடித்து வளைந்த நகம். ஒவ்வொரு வரியும் இருந்த இடத்தில் இருந்தது. ஒருமுறைதான் பார்த்திருக்கிறாள், அதுவும் சிரித்துக்கொண்டே. ஆனால் எதையும் விடவில்லை. பக்கத்தில் பொடி எழுத்தில் குறிப்பு:

'மேகலா அக்கா. நேரா வெச்சா ஸ்டாம்பர் ஒட்டாது. ஸ்டாம்பர் மேலயே காயவிட்டு, ஸ்டிக்கர் மாதிரி உரிச்சு எடுத்து வெக்கணும். பூ போட்டா வரி தெரியும். நத்தைச் சுருள் போட்டா இந்த வரியே டிசைன் ஆயிடும். சுருள் இருக்குற பிளேட் வாங்கணும். அக்கா கைய நீட்டுனா.'

'நீட்டுனா' என்ற சொல்லோடு குறிப்பு நின்றிருந்தது. அதற்குமேல் எழுதத் தெரியவில்லை போலிருக்கிறது.

மேகலா புதுத் தகட்டைப் பார்த்தாள். இரண்டாவது வரிசையில், மாங்காய்க்குப் பக்கத்தில், வரிவரியாக ஒரு சுருள். குவாரிக் கற்களில் கிடைக்குமே, கல்லாகிப்போன நத்தை, அதேபோல. அவள் ஆபீஸ் மேசையில் தாள் பறக்காமலிருக்க அப்படி ஒன்றைத்தான் வைத்திருக்கிறாள்.

அவள் நோட்டை மூடினாள். தண்ணீர் குடிக்காமலே உள்ளே போனாள்.

ஒன்றரை மணிக்குப் பானுப்ரியா சாமான்களைப் பெட்டியில் போட்டு மூடினாள். பார்லருக்கு எடுத்துப்போகவா, ஊருக்குக் கட்டவா என்று அவளுக்கே தெரியவில்லை. மேகலா உள்ளேயிருந்து வந்தாள். புடவை மாற்றியிருந்தாள். கைப்பை தோளில் இருந்தது.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"எங்கக்கா போறீங்க?"

"பெரம்பலூருக்கு. கை வேணும்னியே."

பானுப்ரியாவின் கண் தன்னையறியாமல் மேகலாவின் வலதுகைக்குப் போனது. கட்டைவிரல் மடங்கித்தான் இருந்தது.

"அக்கா, வேணாம். அங்க நாலு பேரு இருப்பாங்க."

"பஸ் போயிரும் பானு."

பாப்பாத்தி கரண்டியோடு வாசலுக்கு வந்து, இரண்டு மருமகள்களும் சேர்ந்து தெருவில் இறங்குவதைப் பார்த்தாள். கேட்க நிறைய இருந்தது. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"சாப்புடாமயாடி போறீங்க?"

பஸ்ஸில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்தார்கள். ஒரு மணி நேரப் பயணத்தில் பேசியது இரண்டே வார்த்தை. "வெயில்" என்றாள் மேகலா. "ஆமாங்க்கா" என்றாள் பானுப்ரியா. ஆனாலும் இது எழுபது நாளாக இருந்த மௌனம் அல்ல. இதில் ஒருத்தி தூங்கி இன்னொருத்தி தோளில் சாயலாம். பாதி வழியில் பானுப்ரியா அப்படித்தான் சாய்ந்தாள்.

ஆயிஷா பீவியின் பார்லர் மாடியில் இருந்தது. அவர் லப்பைக்குடிக்காட்டுக்காரர், நாற்பத்தைந்து வயது இருக்கும். தலையில் துப்பட்டா, மூக்கில் கண்ணாடி. சோபாவில் இரண்டு பெண்கள் முடி வெட்டக் காத்திருந்தார்கள்.

"வாம்மா. எங்க ஊரு கல்யாணத்துல எல்லாம் டிப்ல, அதான் பிளாஸ்டிக் நகத்துல, பண்ணித்தான் ஒட்டுவோம். தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்யும்போது கழட்டிடலாம் பாரு. ஆனா டிப்ல எவ வேணாலும் அச்சு வெச்சிருவா. உசுருள்ள கையில வெச்சுக் காட்டு, பாப்போம்."

மேகலா இரண்டு கையையும் மேசைமேல் வைத்தாள். பிறகு, அந்தக் கட்டைவிரலை விரித்தாள்.

சோபாவிலிருந்த ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆயிஷா பீவி குனிந்து பார்த்தார்.

"இதுக்கு டிப் ஒட்டி மறைச்சிரு. பாவம், எதுக்கு."

பானுப்ரியா மேகலாவைப் பார்த்தாள். மேகலா கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"மறைக்க வேணாங்க்கா. இதுல வெப்பேன்" என்றாள் பானுப்ரியா, ஆயிஷா பீவியிடம். "ஒரு ஒதவி மட்டும். ஃபேனை நிறுத்தணும்."

"இந்த வெயில்லயா?"

"ஆமாங்க்கா. எங்க அக்கா சொல்லிக் குடுத்தாங்க."

ஒன்பது விரலும் சீக்கிரம் முடிந்துவிட்டன. ஒரு கையில் கொடி, மறு கையில் மயிலிறகு. ஒன்றும் சாயவில்லை, ஒன்றும் நசுங்கவில்லை. பானுப்ரியாவின் கழுத்தில் வியர்வை வழிந்தது; கை மட்டும் உலர்ந்திருந்தது. பேசிக்கொண்டே இருக்கிற பெண் இப்போது வாயை இறுக மூடியிருந்தாள். அவளிடம் இப்படியொரு மௌனம் இருக்கும் என்று மேகலா நினைத்ததே இல்லை.

கட்டைவிரல் மட்டும் மீதி. சுருளை ஸ்டாம்பரில் எடுத்து அப்படியே காயவிட்டாள். அதன்மேல் நிறமில்லாத பூச்சைத் தடவி மறுபடி காத்திருந்தாள். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். ஆயிஷா பீவி கடிகாரத்தைப் பார்த்தார். விசிறிக்கொள்ள ஒரு பத்திரிகையை எடுத்தார். காற்று இங்கே வந்துவிடக்கூடாதே என்று கீழே வைத்துவிட்டார்.

இடுக்கியால் பானுப்ரியா அதை உரித்தாள். ஈசல் இறகு மாதிரி இருந்தது. வரியுள்ள நகத்தின் மேல் அதை இறக்கி, விரல் நுனியால் ஓரம் ஓரமாக ஒற்றினாள்.

சுருளின் வரியும் நகத்தின் வரியும் ஒன்றோடொன்று போய்ப் பொருந்தின. எது எதனுடையது என்று பிரிக்க முடியவில்லை. கீழ் ஓரத்தில் மட்டும் துளி கிழிந்திருந்தது. குவாரிக் கல்லிலும் எந்த நத்தையும் முழுசாகக் கிடைப்பதில்லை.

முகத்தைத் திருப்பிக்கொண்ட பெண் எழுந்து வந்து பார்த்தாள்.

"இந்த ஒண்ணு மட்டும் எனக்கும் போட்டுவுடுறீங்களா?"

"உனக்கு வராதும்மா. அதுக்கு இந்த நகம் வேணும்" என்றார் ஆயிஷா பீவி. மேகலாவின் விரலைத் தன் கையில் எடுத்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். "மாஷா அல்லாஹ்."

பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு சாவியை எடுத்துப் பானுப்ரியாவின் முன்னால் வைத்தார்.

"காலைல பத்துக்குத் தொறக்கணும். நான் வர பதினொண்ணு ஆயிடும்."

பானுப்ரியா சாவியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மேகலாதான் ஈரம் காயாத நகங்களை விரித்துப் பிடித்தபடி, முழங்கையால் அவளை இடித்தாள்.

"எடுத்துக்கடி."

அன்றைக்குப் பிறகு நடந்தது இவ்வளவுதான்.

பாப்பாத்தி அன்று சாயங்காலமே சேதி சொல்லும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாள். இப்போது இரண்டு பேரும் ஓயாமல் பேசுவதாக அவளுக்குக் குறை. மேகலாவின் கணவன் நல்லதம்பி லாரியிலிருந்து இறங்கி வந்து, நகத்தைப் பார்த்து, "இது எந்தக் குவாரிக் கல்லு?" என்று கேட்டான். தேவயானியை மாப்பிள்ளை வீட்டார் பார்த்துவிட்டுப் போனார்கள். பதில் இன்னும் வரவில்லை. மேகலா திங்கட்கிழமை தபால் ஆபீசில் கட்டைவிரலை மடக்காமல் முத்திரை வைத்தாள். பானுப்ரியா எட்டே முக்கால் பஸ்ஸில் பெரம்பலூர் போய்ப் பார்லரைத் திறந்தாள்.

ராஜா தன் சொல்லைக் காப்பாற்றினான். அவளைக் கிளம்பச் சொல்லவில்லை. ஆனால் அதே காலையில், "சும்மா போயி பாத்துட்டு வரேன்" என்று இரண்டு சட்டையை மட்டும் தோள்பையில் போட்டுக்கொண்டு ஒரகடத்துக்குப் பஸ் ஏறினான். எப்போது வருவான் என்று சொல்லவில்லை.

பெரிய பை இன்னும் கூடத்தில்தான் இருக்கிறது. அதை யாரும் பரணில் ஏற்றவில்லை.